ஸ்டீவ் எர்லை எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்குவது?

கடந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் பேருந்தில், 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறக்குறைய பாதியைத் தாண்டியிருந்தபோது, என் தங்கை மகன் தன் இயர்போனின் ஒரு பக்கத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான். காதில் வைத்ததும் முதலில் பேக்பைப் போன்ற நீண்ட ஒரு நாதமும், அதன் மேல் துள்ளி விழும் மாண்டலினும், பிறகு கரகரத்த ஒரு டெக்சஸ் குரலும் கேட்டன. ஸ்டீவ் எர்லின் ‘காப்பர்ஹெட் ரோடு’. கல்லூரியில் கிடார் பழகும் நண்பன் ஒருவன் அவனுக்கு அனுப்பியிருக்கிறான். பாட்டு முடிந்ததும் அவன் கேட்டான்: “மாமா, இவருக்கு இருபது ஆல்பத்துக்கு மேல இருக்குதுங்களே, நான் எதுல இருந்து ஆரம்பிக்கிறது?”

அந்த நேரத்தில் பேருந்து ஒரு வளைவில் திரும்பியது. கீழே சேலம் நகரமும், அதற்கு வடமேற்கே மேக்னசைட் வெட்டிக் குவித்த வெள்ளை மேடுகளும் தெரிந்தன. நான் “‘த மவுண்டன்’ கேளு” என்று மட்டும் சொன்னேன். பேருந்தின் இரைச்சலில் அதற்கு மேல் விளக்க முடியவில்லை. அவன் தலையாட்டினான் என்றாலும், அவன் கேட்டது பெரிய கேள்வி; அதற்கு ஒரு பெயரை மட்டும் பதிலாகக் கொடுத்துவிட்டு வந்தது எனக்கு உறுத்தலாகவே இருந்தது. அந்தப் பதிலை முழுமையாகச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

எர்லை அறியாதவர்களுக்காக முதலில் சில வரிகள். 1955-ல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் பிறந்து, டெக்சஸில் சான் அன்டோனியோ நகரத்துக்கு அருகே வளர்ந்த பாடகர், பாடலாசிரியர். பதின்ம வயதிலேயே வீட்டை விட்டுக் கிளம்பி, டவுன்ஸ் வான் ஸாண்ட் என்ற பாடலாசிரியரைக் குருவாக ஏற்றுக்கொண்டார். 19 வயதில் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகரத்துக்குப் போய், கய் கிளார்க் என்ற பாடலாசிரியரின் குழுவில் பேஸ் கிடார் வாசித்தார். அவருடைய முதல் முழு ஆல்பம் வெளிவந்தது 1986-ல், அவருக்கு 31 வயதானபோது. 1990-க்குள் அதையும் சேர்த்து நான்கு ஆல்பங்கள் வந்தன. பிறகு ஹெராயின் பழக்கம் அவரை விழுங்கியது. 1994-ல் சிறைக்குப் போனார். மீண்டு வந்த 1995-லிருந்து ஓரிரு ஆண்டுகளுக்கு ஒன்று என்ற கணக்கில் ஆல்பங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. கன்ட்ரி, ஃபோக், ப்ளூஸ், ராக், ப்ளூகிராஸ் ஆகிய எல்லாமும் கலந்து ஓடும் இசையை ‘அமெரிக்கானா’ என்று ஒரே பெயரில் சொல்கிறார்கள். எர்லிடம் அந்த ஓடைகள் ஒவ்வொன்றும் தனித்தனி ஆல்பமாகவே பிரிந்து ஓடுகின்றன. ‘டெர்ராப்ளேன்’ ஆல்பத்தில் தொடங்குகிறவர் அவரை ப்ளூஸ் பாடகர் என்றே நினைத்துக்கொள்வார். ‘காப்பர்ஹெட் ரோடு’ ஆல்பத்தில் தொடங்குகிறவருக்கு அவர் ராக் பாடகர். தொடங்கும் இடத்தைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்படுவதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு காரணம், நானே தவறான இடத்தில் தொடங்கினேன் என்பது. வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த உறவினர் ஒருவர் 2002-ல் வெளிவந்த ‘ஜெருசலேம்’ ஆல்பத்தின் சிடியை எனக்குக் கொடுத்தார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகான அமெரிக்காவைப் பற்றிய ஆல்பம் அது. தாலிபானோடு சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பிடிபட்ட ஜான் வாக்கர் லிண்ட் என்ற அமெரிக்க இளைஞனின் வாயால் பாடப்படும் ஒரு பாடல் அதில் இருக்கிறது. அந்த இளைஞனுக்கும் ஒரு தகப்பன் இருக்கிறானே என்ற நினைவிலிருந்து எழுதப்பட்ட அந்தப் பாட்டுக்காக எர்ல் தன் நாட்டில் கடுமையாகத் தூற்றப்பட்டார். இன்று அதை மிகத் துணிச்சலான பாடலாகக் கருதுகிறேன். அன்று எனக்கு அந்தச் செய்தியும் சரியாகத் தெரியாது, அந்தக் குரலுக்குப் பின்னால் இருக்கும் மனிதரும் தெரியாது. யாரோ ஒருவர் தன் ஊர்க்காரர்களிடம் சண்டை போடுவதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டதுபோல இருந்தது. சிடியை எடுத்து வைத்துவிட்டேன். இரண்டு ஆண்டுகள் அதைத் தொடவில்லை. ஒரு மனிதரின் கோபத்தைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய அன்பு எதன் மேல் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும். எர்லின் அன்பு எதன் மேல் என்பதைப் பளிச்சென்று காட்டும் ஆல்பம் 1999-ல் வெளிவந்த ‘த மவுண்டன்’.

அது முழுக்க முழுக்க ப்ளூகிராஸ். ட்ரம்ஸ் கிடையாது, மின்கிடார் கிடையாது. மாண்டலின், பாஞ்சோ, ஃபிடில், கிடார், நின்றபடி வாசிக்கும் பெரிய டபுள் பாஸ் ஆகிய ஐந்து கருவிகளே முதன்மையானவை. வாசிப்பவர்கள் டெல் மெக்கூரி குழுவினர். டெல் மெக்கூரி கிடாரிலும், அவருடைய மகன்கள் ரானி மாண்டலினிலும் ராப் பாஞ்சோவிலும் இருக்கிறார்கள். இந்தக் குழு மேடையில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று வாசிப்பதில் பெயர் பெற்றது. தன் முறை வரும்போது ஒருவர் மைக்கை நோக்கி முன்னே வருவார், வாசித்து முடித்ததும் அடுத்தவருக்கு வழிவிட்டு விலகுவார். நம் ஊர்த் திருவிழாவில் நையாண்டி மேளம் பார்த்தவர்களுக்கு இது புதிதாகவே இருக்காது. நாகஸ்வரம் ஒரு சுற்று வாசித்துவிட்டு ஒதுங்க, தவில் முன்னே வந்து வாங்கிக்கொள்ளும் அதே முறைதான். புதிய ஓர் இசையின் இலக்கணத்தைப் பழகாத காதும், இந்த முறை மாற்றத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் பாட்டுக்குள் தொலைந்துபோகாது.

மாண்டலின் என்றாலே நமக்கு யு. ஸ்ரீனிவாஸ் நினைவுக்கு வருவார். அவர் மின்மாண்டலினில் ஒரு ஸ்வரத்தை இழுத்து, அசைத்து, கமகம் கொடுத்து வாய்ப்பாட்டைப் போலவே நீளவிட்டார். ப்ளூகிராஸில் அதே கருவி நேர் எதிரான வேலையைச் செய்கிறது. நரம்புகளைத் தட்டிய கணத்திலேயே இடது கை விரல்கள் ஒலியை அமுக்கி நிறுத்திவிடும். தாளத்தின் 2-வது, 4-வது அடிகளில் ‘சக்’, ‘சக்’ என்று விழும் அந்த வெட்டுதான் ட்ரம்ஸின் இடத்தை நிரப்புகிறது. ‘ஹார்லன் மேன்’ பாட்டில் இதைக் கவனித்துக் கேட்டால் தெளிவாகப் பிடிபடும். அந்த ஒரு வெட்டைக் காது அடையாளம் கண்டுகொண்ட பிறகு, பாஞ்சோவின் சலசலப்பும் ஃபிடிலின் இழுவையும் தாமாகவே பிரிந்து நிற்கத் தொடங்கும்.

‘ஹார்லன் மேன்’ கென்டக்கி மாநிலத்தின் ஹார்லன் மாவட்டத்து நிலக்கரித் தொழிலாளி ஒருவன் தன்னைப் பற்றித் தானே சொல்லும் பாட்டு. அவன் சுரங்கத்தில் இறங்குகிறவன், சங்கத்துக்காரன், அதில் பெருமையுள்ளவன். ஆல்பத்தில் அதை அடுத்து வருவது தலைப்புப் பாடல். வேகமான முந்தைய பாட்டு முடிந்ததும் மெதுவாக நகரும் இந்தப் பாட்டில், வயதான ஒரு மனிதன் பேசுகிறான். மரங்களை வெட்டிச் சாய்ப்பதற்கும், மேல் மண்ணைச் சுரண்டிக் கரி எடுப்பதற்கும் முன்பு அந்த மலையில் பிறந்தவன் அவன். அதன் ஒவ்வொரு பள்ளமும், குளித்து விளையாடிய ஒவ்வொரு மடுவும் அவனுக்குத் தெரியும். ஒரு நாள் குழந்தைப்பருவம் முடிந்து அவனும் சுரங்கத்துக்குள் இறங்குகிறான். எடுக்க வேண்டியதையெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் போய்விடுகிறார்கள். அவன் மட்டும் மலையை விட்டுப் போவதாக இல்லை. கடைசியில், மூடி அடைக்கப்பட்ட சுரங்கப் பாதைகளில் ஆவிகள் இருக்கின்றன என்றும், அங்கே உள்ள குளிர் சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு மட்டுமே தெரியும் என்றும் சொல்கிறான்.

எங்கள் அப்பா வேலைக்காலம் முழுவதையும் வெள்ளைக்கல் குழியில் கழித்தவர். மேக்னசைட்டை எங்கள் வீட்டில் வெள்ளைக்கல் என்றுதான் சொல்வோம். எஃகு உருக்கும் உலைகளின் உட்சுவருக்கு வெப்பம் தாங்கும் செங்கல் செய்ய அந்தக் கல் போகிறது. சேலத்தில் ஒரு ரயில் நிலையத்துக்கே ‘மேக்னசைட் ஜங்ஷன்’ என்று பெயர் இருப்பது வெளியூர்க்காரர்களுக்கு வியப்பாக இருக்கும். எங்களுக்கு அது ஊரின் சாதாரண அடையாளம். அப்பா மாலையில் வீடு திரும்பும்போது கண் இமைகளின் மேல் வெள்ளைத் தூசு படிந்திருக்கும். கொல்லையில் தண்ணீர் ஊற்றிக் கழுவும்போது முதலில் இமைகளைத்தான் துடைப்பார். ஒரு மழை நாளில் இந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டி, வரிக்கு வரி தமிழில் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “அவிங்களுக்கு மேல வானம் தெரியாதா?” எங்கள் ஊர்க் குழிகள் திறந்த குழிகள், வெயிலும் மழையும் தலையிலேயே இறங்கும். மலையின் வயிற்றுக்குள் இறங்கி, விடிவதற்கு முன் போய் இருட்டிய பிறகு வெளியே வரும் வேலை அவருக்குப் புதிது. “தெரியாதுங்கப்பா” என்றேன். மறுபடியும் அந்தப் பாட்டைப் போடச் சொன்னார்.

ஏற்காட்டு மலையிலும் இப்படி எடுத்துச் சென்ற கதை உண்டு. சேர்வராயன் மலையின் உச்சிப் பகுதிகளில் பாக்சைட் வெட்டி, அலுமினியம் செய்ய மேட்டூருக்கு அனுப்பினார்கள். சேர்வராயன் கோயிலைச் சுற்றி நடந்தவர்கள் அந்தச் செம்மண்ணைக் காலில் ஒட்டிக்கொண்டுதான் திரும்பியிருப்பார்கள். இந்த ஊர்களில் வளர்ந்த ஒருவருக்கு ‘த மவுண்டன்’ பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை. டெக்சஸ் உச்சரிப்பு மட்டுமே தடையாக இருக்கும். அதற்கு நான் கண்டுகொண்ட வழி, பாட்டைப் போடும் முன் வரிகளை ஒரு முறை படித்துவிடுவது. ஒரு பாட்டுக்கு இரண்டு நிமிடம் போதும். அதன் பிறகு அந்தக் குரல் திரைபோலக் குறுக்கே நிற்காது.

இந்த ஆல்பத்தோடு வந்த குறிப்பில் எர்ல் தன் நோக்கத்தை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ப்ளூகிராஸை உருவாக்கிய பில் மன்றோ 1996-ல் காலமானார். அவருக்குப் பிறகு தானும் போன பின்னும், உலகத்தின் ஒவ்வொரு ப்ளூகிராஸ் விழாவிலும் ஏதாவது ஒரு குழுவாவது பாடக்கூடிய ஒரே ஒரு பாட்டையாவது எழுதிவிட வேண்டும் என்பதே அவருடைய ஆசை. தன் பாட்டு மற்றவர்களுடைய வாய்க்குப் போய்விட வேண்டும், தன் பெயர் அதிலிருந்து உதிர்ந்தாலும் பரவாயில்லை என்று நினைப்பது ஒரு கிராமியப் பாடகனின் ஆசை. அதை எழுதியவர்மேல் எனக்கு அன்று உண்டான மரியாதை இன்றுவரை குறையவில்லை. தலைப்புப் பாடல் அந்தப் பயணத்தைத் தொடங்கியும்விட்டது. த பேண்ட் குழுவின் லெவான் ஹெல்ம், தொண்டைப் புற்றுநோயிலிருந்து மீண்டு வந்து 2007-ல் வெளியிட்ட ‘டர்ட் ஃபார்மர்’ ஆல்பத்தில் அதைப் பாடியிருக்கிறார். இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எர்ல் பாடும்போது ஒரு சாட்சி சொல்வதைக் கேட்கிறோம். ஹெல்ம் பாடும்போது அந்த மலைக்காரனே பாடுகிறான்.

ஆல்பத்தின் மற்ற பாடல்களில் பாடகி ஐரிஸ் டிமென்டோடு சேர்ந்து பாடும் ‘ஐம் ஸ்டில் இன் லவ் வித் யூ’ எனக்கு மிகவும் பிடித்தது. இருவர் குரலும் செதுக்கப்படாதவை. ஒன்றோடொன்று உரசும் இடத்தில்தான் பாட்டின் வலி இருக்கிறது. கடைசிப் பாடலான ‘பில்க்ரிம்’, ராய் ஹஸ்கி ஜூனியர் என்ற டபுள் பாஸ் கலைஞரின் இறுதிச் சடங்குக்காக எழுதப்பட்டது. பாடகிகள் எமிலு ஹாரிஸ், ஜில்லியன் வெல்ச் உள்ளிட்ட பலர் கூடிப் பாடுகிறார்கள். அதை ஆல்பத்தின் கடைசியில்தான் கேட்க வேண்டும், தனியாக எடுத்துக் கேட்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாவதாக நான் சொல்வது பலருக்கு வியப்பாக இருக்கலாம். நேராக 21 ஆண்டுகள் தாண்டி, 2020-ல் வெளிவந்த ‘கோஸ்ட்ஸ் ஆஃப் வெஸ்ட் வர்ஜீனியா’ ஆல்பத்துக்குப் போங்கள். 2010 ஏப்ரல் 5 அன்று மேற்கு வர்ஜீனியாவின் அப்பர் பிக் பிராஞ்ச் நிலக்கரிச் சுரங்கத்தில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 29 தொழிலாளர்கள் இறந்தார்கள். உயிர் பிழைத்தவர்களிடமும் இறந்தவர்களின் குடும்பங்களிடமும் பேசி எழுதப்பட்ட ‘கோல் கன்ட்ரி’ என்ற மேடை நாடகத்துக்காக எர்ல் எழுதிய பாடல்களே இந்த ஆல்பத்தின் முதுகெலும்பு. ‘த மவுண்டன்’ பாட்டின் கடைசியில் அடைக்கப்பட்ட பாதைகளுக்குள் விட்டு வந்த ஆவிகளை இருபது ஆண்டுகளுக்குப் பின் பெயர் சொல்லி வெளியே அழைத்து வருகிறார் என்றே நான் இதைக் கேட்கிறேன்.

பெயர் சொல்லி என்று நான் எழுதியது அப்படியே உண்மை. ‘இட்ஸ் அபௌட் பிளட்’ பாட்டின் இறுதியில் இறந்துபோன 29 பேரின் பெயர்களையும் ஒன்றன் பின் ஒன்றாக அவர் உரத்துச் சொல்கிறார். நம் ஒப்பாரியில் பெண்கள் கூடி அமர்ந்து இறந்தவரை உறவு சொல்லி அழைப்பார்கள். என்னைப் பெத்த அப்பா, என் கூடப் பிறந்த பிறப்பே என்றுதான் அது போகும், பெயர் பெரும்பாலும் வராது. இந்தப் பாட்டில் வருவது இன்னொரு மரபு. சேலத்துக்கு வடக்கே தருமபுரியிலும் செங்கத்திலும், ஆநிரை மீட்டு மடிந்தவனின் பெயரையும் அவன் எப்படி இறந்தான் என்பதையும் கல்லில் வெட்டி நட்டுவைத்த நடுகற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. அரசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெறாத ஒரு மனிதனின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கல்லில் நிற்கிறது. 29 பெயர்களும் முடியும்வரை அந்தப் பாட்டை நான் நடுவில் நிறுத்துவதில்லை. யாராவது அப்போது பேச வந்தால் கையைக் காட்டிக் காத்திருக்கச் சொல்வேன்.

தன் அரசியலோடு உடன்படாத, தன்னைப் போல வாக்களிக்காத மக்களிடம் பேசவும் அவர்களுக்காகப் பேசவும் ஓர் ஆல்பம் செய்ய விரும்பியதாக எர்ல் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். ‘ஜெருசலேம்’ ஆல்பத்தில் எனக்குக் கேட்ட அந்தச் சண்டைக் குரல் இதில் இல்லை. ‘இஃப் ஐ குட் சீ யுவர் ஃபேஸ் அகெய்ன்’ பாட்டில் அவர் முற்றிலும் ஒதுங்கிக்கொண்டு, ஃபிடில் வாசிக்கும் எலெனர் விட்மோரை ஒரு விதவையின் குரலாகப் பாட வைக்கிறார். எந்த இடத்தில் தான் பாடக் கூடாது என்று தெரிந்திருப்பதும் பாடலாசிரியனின் திறமைதான்.

இன்னொரு செய்தி எனக்கு மிக முக்கியமானது. எர்லுக்கு ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்துவிட்டது; ஸ்டீரியோவில் ஒலிகள் இடமும் வலமுமாகப் பிரிந்து நிற்பதை அவரால் உணர முடியவில்லை. அதனால் இந்த ஆல்பம் முழுவதையும் மோனோவிலேயே கலந்திருக்கிறார்கள். அப்பாவின் பழைய டிரான்சிஸ்டரில் ஒற்றை ஸ்பீக்கர் வழியாகப் பாட்டுக் கேட்டே வளர்ந்த எனக்கு, எல்லாக் கருவிகளும் ஒரே புள்ளியிலிருந்து எழுந்து வரும் அந்த ஒலி வீட்டுக்குத் திரும்பியதுபோல இருந்தது. பேருந்தில் மாமனும் மருமகனும் ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதாகப் பகிர்ந்து கேட்பதற்கும் இதைவிடப் பொருத்தமான ஆல்பம் கிடையாது, யாருக்கும் எதுவும் குறையாது. ஏறக்குறைய அரைமணி நேரம்தான். ஏற்காட்டு அடிவாரத்தில் போட்டால் ஊர் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக 1995-ன் ‘ட்ரெயின் எ கமின்’. சிறையிலிருந்து வந்த உடனே, மின்கருவிகள் இல்லாமல், நார்மன் பிளேக், பீட்டர் ரோவன், ராய் ஹஸ்கி ஜூனியர் ஆகிய கலைஞர்களுடன் உட்கார்ந்து வாசித்தது. இதில் உள்ள பாடல்களில் பல அவர் இளம் வயதில் எழுதி, ஆல்பத்தில் சேர்க்காமல் வைத்திருந்தவை. இருபதுகளில் எழுதிய வரிகளை நாற்பது வயதுக் குரல் பாடுகிறது; எழுதியபோது கற்பனையாக இருந்த துயரங்கள் பாடும்போது அனுபவமாகிவிட்டிருக்கின்றன. ‘குட்பை’ என்ற பாட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். போதையில் மூழ்கியிருந்த காலத்தில் தான் விடைபெற்றோமா என்பதுகூட நினைவில்லை என்று ஒருவன் ஒப்புக்கொள்ளும் பாட்டு அது. அதே ஆண்டில் எமிலு ஹாரிஸும் அதைத் தன் ‘ரெக்கிங் பால்’ ஆல்பத்தில் பாடினார்.

இப்போதுதான் முதல் ஆல்பத்துக்கு, 1986-ன் ‘கிடார் டவுன்’ ஆல்பத்துக்குப் போகலாம். பலரும் இதிலிருந்தே தொடங்கச் சொல்வார்கள். அமெரிக்காவின் கன்ட்ரி ஆல்பங்களின் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது, பாட்டுக்குப் பாட்டு குறை சொல்ல முடியாதது. எனக்கும் அதில் மறுப்பில்லை. ஆனால் அதன் மின்கிடார்களின் பளபளப்பு அந்தக் காலத்து நாஷ்வில் ரேடியோவுக்கானது. அந்த ரேடியோவைக் கேட்டிராத நம் காதுக்கு அந்தப் பளபளப்புதான் முதலில் படும், சொற்கள் பிறகே வரும். குரலைப் பழகிக்கொண்டு போனால் இந்தத் தொல்லை இருக்காது. ‘சம்டே’ என்ற பாட்டில் நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கும் பையன், போகிற கார்களைப் பார்த்துக்கொண்டே தானும் ஒரு நாள் இந்த ஊரை விட்டுப் போய்விடுவேன் என்கிறான். கருப்பூர்ப் பக்கம் பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவு நேரத்தில் வண்டிக்குப் பெட்ரோல் போட நிறுத்தும்போதெல்லாம் அந்தப் பையனை நான் பார்க்கிறேன். ‘ஹில்பில்லி ஹைவே’ பாட்டில் தாத்தா, அப்பா, மகன் என்று மூன்று தலைமுறைகளும் பிழைப்புக்காக மலையை விட்டு இறங்கிப் போகின்றன. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் ஆட்களை அனுப்பிக்கொண்டே இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

அதன் பிறகு 1988-ன் ‘காப்பர்ஹெட் ரோடு’. மருமகனே, நீ கேட்ட பாட்டு இதன் முதல் பாட்டு. கள்ளச்சாராயம் காய்ச்சிய தாத்தா, அதைக் கடத்திய அப்பா, வியட்நாம் போரிலிருந்து திரும்பிக் கஞ்சா பயிரிடும் மகன் என்று மூன்று தலைமுறைகளை நாலரை நிமிடத்தில் சொல்லிவிடுகிறது. 2023-ல் டென்னசி மாநிலம் இதைத் தன் அதிகாரபூர்வ மாநிலப் பாடல்களில் ஒன்றாக அறிவித்தது. இங்கிருந்து தொடங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம், அந்தப் பாட்டின் உயரம் ஆல்பம் முழுவதும் நீடிக்காது என்பதே. த போக்ஸ் குழுவோடு லண்டனில் பதிவு செய்த ‘ஜானி கம் லேட்லி’ வரையில் முதல் பாதி அருமையானது. பின்பாதியின் காதல் பாடல்கள் கனத்த ட்ரம்ஸின் அடியில் நசுங்கிக் கிடக்கின்றன. முதல் பாட்டால் ஈர்க்கப்பட்டு வருகிறவர் பின்பாதியில் சலித்து, இவ்வளவுதான் இவர் என்று போய்விடக்கூடும்.

1997-ன் ‘எல் கொராசோன்’, 2000-ன் ‘ட்ரான்சென்டென்டல் ப்ளூஸ்’ இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். எல்லா வகை இசையும் ஒரே கூரையின் கீழ் வரும் ஆல்பங்கள் இவை. முன்னதன் கடைசிப் பாடல் ‘ஃபோர்ட் வொர்த் ப்ளூஸ்’, அந்த ஆண்டின் முதல் நாளில் இறந்துபோன குரு டவுன்ஸ் வான் ஸாண்டுக்காக எழுதியது. பின்னதன் கடைசியில் வரும் ‘ஓவர் யாண்டர்’, டெக்சஸில் 1998-ல் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ஜானதன் நோபில்ஸ் என்ற கைதியைப் பற்றியது. அவர் கேட்டுக்கொண்டதால் எர்ல் அந்தத் தண்டனைக்குச் சாட்சியாக இருந்தார். இவற்றைக் கேட்ட பிறகு ‘ஜெருசலேம்’ ஆல்பத்துக்கும், 2004-ன் ‘த ரெவல்யூஷன் ஸ்டார்ட்ஸ் நவ்’ ஆல்பத்துக்கும் போனால், இரண்டு ஆண்டுகள் எனக்கு மூடியே கிடந்த கதவு தானாகத் திறக்கும்.

மற்றவர்களுடைய பாடல்களை அவர் பாடிய நான்கு ஆல்பங்களைக் கடைசியாக வைத்திருக்கிறேன். குருவுக்காக 2009-ல் ‘டவுன்ஸ்’. இது அவருக்குக் கிராமி விருதும் பெற்றுத் தந்தது. கய் கிளார்க்குக்காக 2019-ல் ‘கய்’. இன்னொரு மூத்த பாடலாசிரியரான ஜெர்ரி ஜெஃப் வாக்கருக்காக 2022-ல் ‘ஜெர்ரி ஜெஃப்’. மூத்தவர்களுக்குச் செய்ய வேண்டிய கடனைச் சிஷ்யன் செய்திருக்கிறான். அந்த அளவில் இவை நிறைவானவை, ‘கய்’ அவற்றுள் சிறந்தது.

நான்காவது ஆல்பம் அந்த வரிசையில் வந்திருக்கவே கூடாது. அவருடைய மகன் ஜஸ்டின் டவுன்ஸ் எர்லும் பாடலாசிரியர். குருவின் பெயரையே மகனுக்கு நடுப்பெயராக வைத்திருந்தார். 2020 ஆகஸ்டில் 38 வயதில் ஜஸ்டின் இறந்துபோனார். 2021 ஜனவரி 4, ஜஸ்டினுக்கு 39 வயது நிறைந்திருக்க வேண்டிய நாளில், தகப்பன் ‘ஜே.டி.’ என்ற ஆல்பத்தை வெளியிட்டார். பத்துப் பாட்டுகள் மகன் எழுதியவை. பதினொன்றாவது மட்டும் தகப்பன் எழுதியது. இருவரும் கடைசியாகத் தொலைபேசியில் பேசியதைப் பற்றியது. மற்ற பத்தையும் அவர் துக்கம் காட்டாமல், குழுவோடு உற்சாகமாகவே பாடுகிறார், மகனின் பாட்டுக்குச் செய்ய வேண்டிய மரியாதை அதுதான் என்பதுபோல. இந்த ஆல்பத்தைத் தொடக்கத்தில் கேட்டால் ஒரு செய்தியாக மட்டுமே மனத்தில் நிற்கும். ‘த மவுண்டன்’ ஆல்பத்திலிருந்து அந்தக் குரலோடு நடந்து வந்து கேட்டால், கடைசிப் பாட்டில் அது எங்கே உடைகிறது என்பது நமக்குக் கேட்கும்.

‘த ஹார்ட் வே’, ‘டெர்ராப்ளேன்’ போன்றவற்றை அவசரமில்லாமல் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ‘வாஷிங்டன் ஸ்கொயர் செரனேட்’ நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த மனிதரின் மகிழ்ச்சியான ஆல்பம். நான் அதைக் காலை வேளைகளில் மட்டும் கேட்கிறேன்.

மருமகன் ‘த மவுண்டன்’ ஆல்பத்தை இதுவரை மூன்று முறை கேட்டுவிட்டான். நேற்று இரவு தொலைபேசியில் அழைத்து, அந்த ‘சக்’ வெட்டைக் கிடாரில் வாசித்துப் பார்த்ததாகவும், இடது கை விரல்கள் சொன்னபடி எழும்ப மறுக்கின்றன என்றும் சொன்னான். பிறகு தாத்தாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, வெள்ளைக்கல் குழியில் எத்தனை அடி ஆழம் வரை இறங்குவார்கள் என்று கேட்டான். அப்பா பதில் சொல்லத் தொடங்கி வெகுநேரமாகியும் போன் என் கைக்குத் திரும்பி வரவில்லை.